அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11 ஹேங் ஆகிறதா? எதை முதலில், எதைக் கடைசியில் செய்வது

விண்டோஸ் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆகிறது. லாகின் செய்த கொஞ்ச நேரத்தில் கணினி அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் நகராது, அல்லது மவுஸ் மட்டும் நகரும், எதைக் கிளிக் செய்தாலும் பதில் இருக்காது.

இந்த நிலையில் கைக்கு வரும் கணினிகளில் பெரும்பாலும் நாலைந்து வைத்தியம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். ஒரு கிளீனர் மென்பொருள், டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) புதுப்பிக்கும் ஒரு அப்டேட்டர், பாதியில் நிறுத்திய ஒரு ரீசெட். அதற்கு மேல், கெடுத்தது அப்டேட்டா வைத்தியமா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. அதனால் இந்த வேலையில் வரிசைதான் பாதி வெற்றி: எதையும் மாற்றாமல் கவனிப்பது முதலில், மாற்றினாலும் பழையபடி வைக்கக்கூடியவை அடுத்து, திரும்பப் பெற முடியாதவை கடைசியில். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்.

இங்கே சொல்லும் மெனுப் பெயர்கள் ஆங்கில விண்டோஸ் 11-இல் உள்ளவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) ரெகவரி கீ. பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லாகின் செய்த உடனேயே டிஸ்க் தானாகக் குறியாக்கம் ஆகியிருக்கும். வைத்திருப்பவருக்கே அது தெரியாது. சேஃப் மோடுக்கு (அத்தியாவசியமான டிரைவர்கள் மட்டும் ஓடும் நிலை) போகும்போதோ, பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் மென்பொருள்) எதையாவது மாற்றும்போதோ நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருக்கும் படங்களும் ஆவணங்களும் போனதுதான்.

ஃபோனில் பிரவுசரைத் திறந்து, அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் கீ இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் வரும் கீ ஐடியோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுக்கலாம். காகிதத்தில் எழுதி வையுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் கீ உங்கள் ஐடி பிரிவிடம் இருக்கும். அவர்களைக் கேட்காமல் மேலே போகாதீர்கள்.

அடுத்தது கோப்புகள். கணினி பத்து நிமிடம்தான் ஓடுகிறது என்றால், அந்தப் பத்து நிமிடத்தை முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கச் செலவிடுங்கள். ஹேங்குக்குக் காரணம் சாகப்போகும் டிஸ்க்காக இருக்கலாம். அப்படியென்றால் பின்னால் செய்யப்போகும் ஒவ்வொரு ஸ்கேனும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

இவை தவிர கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும், ஏனென்றால் சில கணினிகளில் சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, சார்ஜர், குறிப்பெழுத ஒரு தாள். ஒவ்வொரு முறை ஹேங் ஆகும்போதும் மணி எத்தனை, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். நான்காவது படியில் அந்த நேரம்தான் கை கொடுக்கும்.

2. எந்த வகை ஹேங் என்று பாருங்கள்

அடுத்த முறை நின்றுபோனால் உடனே பவர் பட்டனை அழுத்தாதீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் கிடைக்கும் தகவல் வேறு எப்போதும் கிடைக்காது.

கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் விண்டோஸின் உள்பகுதி உயிரோடுதான் இருக்கிறது. திரையோ டெஸ்க்டாப்போதான் சிக்கியிருக்கிறது. விளக்கு அசையவே இல்லையென்றால் சிக்கல் ஆழமானது: டிரைவர், டிஸ்க், ரேம் இவற்றில் ஒன்று.

விளக்கு மாறினால் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்க வைக்கும். சின்னதாக ஒரு பீப் சத்தம், திரை ஒரு நொடி கறுத்து மீளும். கணினி உயிர் பெற்றுவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவர் மேல் சந்தேகம் உறுதியாகிறது. 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் குரோம் திறந்தால் கணினி நிற்கும் பிரச்சினை வந்தபோது, மைக்ரோசாஃப்டே முதலில் சொன்ன தற்காலிக வழி இதுதான்.

மவுஸ் நகர்கிறது, டாஸ்க்பார் மட்டும் செத்திருக்கிறது என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைக் கொண்டுவாருங்கள். அதில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை வலது கிளிக் செய்து ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். இதில் சரியானால் சிக்கல் டெஸ்க்டாப் அளவில்தான். ஏழாவது படிக்கு நேராகப் போகலாம்.

டாஸ்க் மேனேஜர் வருவதற்கே ஒரு நிமிடம் ஆகி, வந்ததும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் அது ஹேங் இல்லை, நெரிசல். மூன்றாவது படியைப் பாருங்கள்.

இன்னொரு வகை, ஓரிரு நொடி மட்டும் எல்லாம் நின்று, ஒலியும் திக்கி, தானே சரியாவது. ஏஎம்டி ரைசன் கணினி என்றால் இதற்கு அறியப்பட்ட காரணம் ஒன்று உண்டு. பயாஸுக்குள் இருக்கும் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சம், மதர்போர்டின் ஃபிளாஷ் சிப்போடு பேசும் நேரத்தில் முழு கணினியும் காத்திருக்கிறது. 2022 மார்ச்சில் ஏஎம்டி இதை ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு மே முதல் வந்த பயாஸ்களில் தீர்வு இருக்கிறது. இப்படிப்பட்ட கணினியில் விண்டோஸை எத்தனை முறை திரும்பப் போட்டாலும் பயனில்லை.

எப்போது நிற்கிறது என்பதும் முக்கியம். தூக்கத்திலிருந்து எழும்போது மட்டுமா, வீடியோ ஓடும்போது மட்டுமா, வெளி மானிட்டரோ யூஎஸ்பி ஹப்போ செருகியிருக்கும்போது மட்டுமா? கீபோர்டும் மவுஸும் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். செலவில்லாத சோதனை, ஆனால் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இவையெல்லாம் முடிந்த பிறகும் அசைவில்லையென்றால் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். திரையில் அப்டேட் சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யக்கூடாது.

3. காத்திருக்க வேண்டியதற்குக் காத்திருங்கள்

அப்டேட் முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் பின்னணியில் வேலை நடக்கும். மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் பழைய கோப்புகளைச் சுத்தம் செய்யும், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஸ்கேன் செய்யும், தேடலுக்கான அட்டவணை மறுபடி உருவாகும். எஸ்எஸ்டி இருந்தால் இது சீக்கிரம் முடிந்துவிடும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் சில மணி நேரம்கூட ஆகலாம். சார்ஜரைச் செருகி, தூங்கவிடாமல் வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் கணினியைத் தனியாக விட்டுவிடுங்கள்.

அப்புறம் ரீஸ்டார்ட் கொடுங்கள். ‘ஷட் டவுன்’ வேண்டாம், ‘ரீஸ்டார்ட்’. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்தால் விண்டோஸின் உள்பகுதி நினைவகம் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப ஏற்றப்படும். கோளாறான டிரைவரும் அதே நிலையில் திரும்பி வரும். ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. “பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்” என்று சொல்பவர் ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் செய்திருக்க மாட்டார்.

இந்தக் கட்டத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தே வைப்பது நல்லது. கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ வழியாகப் போனால் அந்த டிக் இருக்கும்.

4. என்ன மாறியது என்று கண்டுபிடியுங்கள்

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதனுள் ‘அப்டேட் ஹிஸ்டரி’. இங்கே ஃபீச்சர் (பெரிய பதிப்பு மாற்றம்), குவாலிட்டி (மாத அப்டேட்), டிரைவர் என்று தனித்தனிப் பட்டியல்கள் இருக்கும். பலர் மாத அப்டேட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஹேங் தொடங்கிய அதே நாளில் டிரைவர் பட்டியலில் ஒரு வரி இருந்தால் ஆறாவது படிதான் உங்களுக்கு.

அடுத்து ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தேடி, ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’யைத் திறங்கள். நாள்வாரியாக எது நிறுவப்பட்டது, எது செயலிழந்தது என்று ஒரே வரைபடத்தில் தெரியும். சிவப்புக் குறிகள் அப்டேட்டுக்கு முந்தைய வாரமே தொடங்கியிருந்தால், அப்டேட் மேல் பழி போட வேண்டாம்.

பிறகு ஈவென்ட் வியூவரில் ‘விண்டோஸ் லாக்ஸ்’, ‘சிஸ்டம்’. தாளில் எழுதிய நேரத்துக்குச் சற்று முந்தைய வரிகளைப் பாருங்கள். எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது கர்னல்-பவர் 41. அதை வைத்து பவர் சப்ளையை மாற்றியவர்கள் உண்டு. அந்த வரி சொல்வது, கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே. நீங்கள் பட்டனை அழுத்திப் பிடித்ததால்கூட அது வரும். தேட வேண்டியவை வேறு. டிஸ்ப்ளே 4101 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டிருக்கிறது. 129 அல்லது 153 என்றால் டிஸ்க் நேரத்துக்குப் பதில் தரவில்லை. டிஸ்க் 7 என்றால் அதில் கெட்ட பகுதி இருக்கிறது. டபிள்யூஎச்இஏ-லாகர் என்று வந்தால் வன்பொருளே பிழை சொல்கிறது.

கடைசியாக, மைக்ரோசாஃப்டின் ‘விண்டோஸ் ரிலீஸ் ஹெல்த்’ பக்கத்தில் உங்கள் பதிப்புக்கான அறியப்பட்ட சிக்கல்களைப் படியுங்கள். உங்கள் பிரச்சினை அங்கே இருந்தால் பாதி வேலை மிச்சம். சில நேரம் தீர்வு விண்டோஸுக்கு வெளியே இருக்கும். 2024-இல் 24எச்2 என்ற விண்டோஸ் 11 பதிப்பு வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்770, எஸ்என்580 வகை 2 டிபி எஸ்எஸ்டிகளில் ப்ளூ ஸ்கிரீன் வந்தது. அந்த டிஸ்க்குகள் கணினியின் ரேமில் ஒரு பகுதியைக் கடன் வாங்கி இயங்குபவை. புதிய விண்டோஸ் முன்பைவிட அதிகமாகக் கொடுத்தது, டிஸ்க்கின் ஃபர்ம்வேர் (அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அதைத் தாங்கவில்லை. டிஸ்க் ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும் சரியானது.

5. டெஸ்க்டாப் வரைக்கும் போக முடியாவிட்டால்

லாகின் திரையிலேயே நின்றால், ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். அதுகூட முடியவில்லையென்றால், விண்டோஸ் லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இதைத் தொடர்ந்து இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குப் போகும்.

அங்கே ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’, ‘ரீஸ்டார்ட்’. வரும் பட்டியலில் 4 அழுத்தினால் சேஃப் மோட். இணையமும் வேண்டுமென்றால் 5.

மீட்புத் திரையில் மவுஸும் கீபோர்டும் வேலை செய்யவில்லையா? 2025 அக்டோபரில் வந்த கேபி5066835 அப்டேட் அப்படித்தான் செய்தது. விண்டோஸுக்குள் நன்றாக இயங்கிய யூஎஸ்பி கீபோர்டு மீட்புத் திரையில் செத்துப்போனது. அக்டோபர் 20-இல் கேபி5070773 வந்து அதைச் சரிசெய்தது. இந்த நிலை வந்தால் வேறொரு கணினியில் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் தயாரித்து, அதிலிருந்து பூட் செய்து, ‘ரிப்பேர்’ வழியாக உள்ளே போங்கள். முதல் படியில் பென்டிரைவ் கேட்டது இதற்காகத்தான்.

சேஃப் மோடில் கணினியை வழக்கமாக ஹேங் ஆகும் நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் விண்டோஸின் அடிப்படையும், அநேகமாக டிஸ்க்கும் ரேமும் நலம். குற்றவாளி ஏதோ ஒரு டிரைவர் அல்லது பின்னணி நிரல். சேஃப் மோடிலும் நின்றால் பத்தாவது படிக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை: எம்எஸ்கான்ஃபிக்கில் (msconfig, விண்டோஸின் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் கருவி) ‘சேஃப் பூட்’ டிக் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்த டிக்கை எடுக்கும் வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடுக்கே போகும். அங்கே பாஸ்வேர்டு ஏற்கவில்லையென்றால் வெளியே வருவது பெரும்பாடு.

6. டிரைவர்கள்

அப்டேட்டை நீக்குவதற்கு முன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீக்கிய அப்டேட் அடுத்த மாதம் திரும்பி வரும். சிக்கல் பழைய டிரைவரில் இருந்தால் அதுவும் கூடவே வரும்.

முதலில் கிராஃபிக்ஸ். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர், ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’, அதன் ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘டிரைவர்’ பகுதி. அப்டேட் புது டிரைவரைக் கொண்டுவந்திருந்தால் ‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்தலாம். அது மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழையது இல்லை என்று பொருள். அப்போது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்குங்கள். லேப்டாப்புக்கு இன்டெல், என்விடியா, ஏஎம்டி தளங்களின் பொது டிரைவர் இரண்டாவது தேர்வுதான். சில மாடல்களுக்குத் தயாரிப்பாளர் செய்த மாற்றங்கள் அதில் இருக்காது.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை: இணையத்தைத் துண்டித்துவிட்டு, கிராஃபிக்ஸ் டிரைவரை நீக்கும் டிக்கோடு ‘அன்இன்ஸ்டால்’ செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரில் திரை வரும். தெளிவு குறைவாக, மெதுவாக இருக்கும். அந்த நிலையில் ஹேங் நின்றுவிட்டால் வேறு எங்கும் தேட வேண்டாம். இணையத்தைத் துண்டிக்காமல் செய்தால் விண்டோஸ் அதே டிரைவரைச் சத்தமில்லாமல் மறுபடி இறக்கிவிடும். சோதனை செய்தும் பயனிருக்காது.

அடுத்து ஸ்டோரேஜ் கண்ட்ரோலர், பிறகு வைஃபை, ஆடியோ. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரீஸ்டார்ட் செய்து ஓட்டிப் பாருங்கள். ‘ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நிறுவாதீர்கள். அவை இருபது இடத்தில் கை வைத்துவிடும். எது உதவியது, எது கெடுத்தது என்ற கணக்கு அத்தோடு போய்விடும்.

7. பின்னணி நிரல்கள்

எம்எஸ்கான்ஃபிக்கில் ‘சர்வீசஸ்’ பகுதிக்குப் போய், முதலில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ டிக் போடுங்கள். அதன் பிறகுதான் ‘டிசேபிள் ஆல்’. இந்த வரிசை மாறினால் விண்டோஸுக்குத் தேவையான சர்வீஸ்களும் அணைந்துவிடும். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் நிரல்களையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஹேங் நின்றால், அணைத்ததில் பாதியை மட்டும் மீண்டும் இயக்குங்கள். திரும்ப வந்தால் குற்றவாளி அந்தப் பாதியில், வராவிட்டால் மற்றதில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் முப்பது நிரல்களில் ஒன்றை ஐந்தே ரீஸ்டார்ட்டில் பிடித்துவிடலாம்.

வெளியிலிருந்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதை அணைத்து வைப்பது போதாது. அதன் வடிகட்டி டிரைவர்கள் தொடர்ந்து ஓடும். முழுமையாக நீக்கித்தான் சோதிக்க வேண்டும். அந்த இடைவெளியில் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்றுக்கொள்ளும்.

8. அப்டேட்டை நீக்குவது

மாத அப்டேட் என்றால் ‘அப்டேட் ஹிஸ்டரி’யின் அடியில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. டெஸ்க்டாப் வராவிட்டால் மீட்புத் திரையிலும் இதே பெயரில் ஒரு தேர்வு இருக்கும். குவாலிட்டி, ஃபீச்சர் என்று இரண்டில் ஒன்றைக் கேட்கும். ஹேங் தொடங்கியது எதற்குப் பிறகு என்று நான்காவது படியில் பார்த்ததை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

பெரிய பதிப்பு மாற்றம் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரியில் ‘கோ பேக்’. இதற்கு 10 நாள்தான் அவகாசம். அதற்குள் டிஸ்க் கிளீனப் ஓட்டி ‘விண்டோஸ்.ஓல்ட்’ ஃபோல்டரை அழித்துவிட்டால் அந்த வழியும் மூடிவிடும். இடம் போதவில்லை என்று இதை முதலில் அழிப்பவர்கள் நிறையப் பேர், தயவுசெய்து செய்யாதீர்கள்.

நீக்கியதும் ‘பாஸ் அப்டேட்ஸ்’ கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் அன்றிரவே அதே அப்டேட் திரும்ப ஏறும். அதிகபட்சம் 5 வாரம் நிறுத்திவைக்கலாம். அதற்கு மேல் அப்டேட்டை நிரந்தரமாகத் தடுக்கும் தந்திரங்களுக்கு நான் எதிரானவன். மாத அப்டேட்டில் பாதுகாப்புத் திருத்தங்கள் இருக்கின்றன, வங்கி வேலை செய்யும் கணினியை அவை இல்லாமல் ஓட்டக்கூடாது.

9. விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்ப்பது

டெர்மினலை அட்மினாகத் திறந்து இரண்டு கட்டளைகள், ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு சாய்கோட்டுக்கு முன்னும் இடைவெளி விட்டு. முதலில் டிஐஎஸ்எம்: ‘DISM /Online /Cleanup-Image /RestoreHealth’. அது முடிந்ததும் எஸ்எஃப்சி: ‘sfc /scannow’.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எஸ்எஃப்சி, கெட்ட கோப்புக்குப் பதிலாக நல்ல பிரதியை விண்டோஸின் உள் சேமிப்பிலிருந்து எடுக்கிறது. அந்தச் சேமிப்பே கெட்டிருந்தால் எடுக்க ஒன்றும் இருக்காது. அதைச் சரிசெய்வது டிஐஎஸ்எம். நடுவில் ஏதோ ஒரு சதவீதத்தில் நெடுநேரம் நிற்கும். நிற்கட்டும், ஜன்னலை மூடாதீர்கள்.

10. டிஸ்க், ரேம், பயாஸ்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவியில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். ‘காஷன்’ அல்லது ‘பேட்’ என்று வந்தால் பழுதுபார்ப்பை அங்கேயே நிறுத்துங்கள். கோப்புகளை நகலெடுத்து, புது டிஸ்க் வாங்குவதுதான் வழி. பெரிய அப்டேட் டிஸ்க்கில் பல ஜிபி எழுதுகிறது. அதுவரை யாரும் தொடாத பலவீனமான பகுதிகள் அப்போதுதான் வெளியே தெரியும். சி டிரைவ் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தால் கொஞ்சம் இடம் விடுவியுங்கள்.

ரேமுக்கு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் போதுமான தொடக்கம். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்து ஓட்டிப் பார்ப்பது அதைவிட நம்பகமானது.

பயாஸ் அப்டேட் செய்வதற்கு முன் பிட்லாக்கரை ‘சஸ்பெண்ட்’ செய்யுங்கள்; லேப்டாப்பில் சார்ஜர், டெஸ்க்டாப்பில் யூபிஎஸ் கட்டாயம். நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே செயலிழக்கலாம்.

11. இவ்வளவுக்கும் சரியாகவில்லையென்றால்

ரீசெட்டுக்கு முன் ஒரு வழி இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரியில் ‘ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்’. உங்கள் நிரல்கள், கோப்புகள், அமைப்புகள் எதையும் தொடாமல் விண்டோஸை மட்டும் அதன் மேலேயே புதிதாக நிறுவும். ‘ரீசெட் திஸ் பிசி’யில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் நிறுவிய நிரல்கள் எல்லாம் போய்விடும். டேலி போன்றவற்றை மறுபடி நிறுவி உரிமம் ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் ரீசெட்டுக்கு முன் அந்த ‘ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ்’ வழிதான் முதலில்.

அதுவும் உதவாவிட்டால் ரீசெட், பிறகு பென்டிரைவிலிருந்து முழுப் புது நிறுவல். புதிதாக நிறுவிய வெறும் விண்டோஸும் ஹேங் ஆனால் இனி மென்பொருளில் தேட ஒன்றுமில்லை. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள். குறித்து வைத்த தாளையும் கொடுங்கள், அங்கே இருப்பவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

12. சரியான பிறகு

உடனே பழையபடி எல்லாவற்றையும் செருகாதீர்கள். தினம் ஒருமுறை ஹேங் ஆன கணினி என்றால் மூன்று நாளாவது ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு கழற்றிய யூஎஸ்பி சாதனங்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள், எம்எஸ்கான்ஃபிக்கில் ‘நார்மல் ஸ்டார்ட்அப்’ கொடுங்கள், சஸ்பெண்ட் செய்த பிட்லாக்கரை மீண்டும் இயக்குங்கள். கோப்புகளின் நகல் எடுத்துவிட்டு, நிறுத்திவைத்த அப்டேட்டை ஒரு விடுமுறை நாள் காலையில் திரும்ப ஏற்றுங்கள். மறுபடி நின்றால், எந்த அப்டேட் என்பது இந்த முறை உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கும். அதன் கேபி எண்ணோடும் டிரைவர் பதிப்போடும் ஃபீட்பேக் ஹப்பில் புகார் பதியுங்கள்.